அப்பச்சி தினமும் ஒரு டம்ளர் ஒயின் குடிக்கலாமா?

உங்கள் அப்பச்சிக்கு, நகரத்தார் வழக்கில் அப்பாவுக்கு, 66 வயது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அதற்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுக்கிறார். ரத்த அழுத்தத்துக்கு இன்னொரு மாத்திரை. சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் அண்ணன் போன முறை வந்தபோது இரண்டு பாட்டில் சிவப்பு ஒயினைக் கொடுத்து, தினமும் இரவு ஒரு கிளாஸ் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அது தீர்ந்த பிறகும் அப்பச்சி மதுரையிலிருந்து வரவழைத்து, நான்கு மாதமாக மாத்திரையைப் போல நாள் தவறாமல் குடிக்கிறார். ஆத்தா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. 'தினமும் ஒயின் குடிப்பது உடலுக்கு நல்லதா, கெட்டதா?' என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பதாகப் படுகிறது. அந்தப் பாட்டில் மருந்தா, மதுவா? உங்கள் வீட்டு மொழியில் சொன்னால், பேரேட்டில் அதை வரவில் எழுதுவதா, பற்றில் எழுதுவதா?

நான் நகரத்தார் அல்ல. ஆனால் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் 28 ஆண்டுகளாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். உங்களைப் போன்ற வீடுகளின் முகப்பிலும் பட்டாலையிலும் உட்கார்ந்து ரத்த அழுத்தம் பார்த்திருக்கிறேன். நேராகவே சொல்லிவிடுகிறேன்: வரவு என்று எழுத ஆதாரம் போதாது. பற்று என்று எழுத ஆதாரம் உண்டு. ஒரு கிளாஸுக்கான பற்று, பலர் பயமுறுத்துகிற அளவுக்குப் பெரிய தொகையல்ல. ஆனால் அப்பச்சி போடும் மாத்திரைகளையும் சேர்த்துக் கூட்டினால் தொகை ஏறுகிறது. தொழில் தொடங்கிய புதிதில், 'சிவப்பு ஒயின்தானே, கொஞ்சம் குடிக்கலாம், இதயத்துக்கு நல்லதுதான்' என்று நானும் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. ஏன் மாறினேன் என்று விளக்குவதே உங்களுக்கான பதிலாகவும் இருக்கும்.

முதலில் அளவு. ஆய்வுகளில் 'ஒரு கிளாஸ் ஒயின்' என்றால் பெரும்பாலும் 150 மில்லி, அதாவது ஓர் ஆழாக்குக்குச் சற்றுக் குறைவு. 12 சதவீத ஒயினில் அந்த அளவுக்கு ஏறத்தாழ 14 கிராம் ஆல்கஹால் இருக்கும். 750 மில்லி பாட்டிலில் ஐந்து கிளாஸ்தான் தேறும். நம் வீடுகளில் ஒயின் கிளாஸ் ஏது? எவர்சில்வர் டம்ளர்தான். நான் பார்த்த வரையில், மோர் குடிக்கிற டம்ளரை நிரப்பினால் 200 மில்லிக்குக் குறையாது. சில வீடுகளில் 300 மில்லி வரைக்கும் போகும். 'ஒன்றுதான் டாக்டர்' என்று உறுதியாகச் சொல்பவர் இரண்டு கிளாஸ் குடித்திருப்பார், அவர் பொய்யும் சொல்லியிருக்க மாட்டார். ஒரு பாட்டில் எத்தனை நாளில் காலியாகிறது என்று பாருங்கள். ஐந்து நாள் வந்தால் ஒரு கிளாஸ், இரண்டரை நாளில் தீர்ந்தால் இரண்டு கிளாஸ். இனி நான் சொல்வதெல்லாம் 150 மில்லிக் கணக்குதான்.

'இதயத்துக்கு நல்லது' என்ற பேச்சு பிரான்சிலிருந்து புறப்பட்டது. பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் தாராளமாகச் சாப்பிடுகிறார்கள், இருந்தும் அங்கே மாரடைப்பு குறைவாக இருக்கிறது, அதற்கு அவர்கள் குடிக்கும் ஒயின் காரணமாக இருக்கலாம் என்று செர்ஜ் ரெனோ என்ற ஆய்வாளர் 1992இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்தச் செய்தி வந்து, அங்கே சிவப்பு ஒயின் விற்பனை குபீரென ஏறியது. பிறகு நடந்த கதை நம் ஊர்வரை வந்து சேரவில்லை. பிரான்சில் மாரடைப்புச் சாவுகள் வேறு காரணங்களின் கீழ் பதிவாகிக் குறைத்துக் காட்டப்பட்டிருக்கலாம் என்று பின்னாளில் கேள்வி எழுந்தது. கொழுப்பு மிகுந்த உணவு அவர்களுக்குப் பிந்தி வந்தது, அதன் விளைவும் பிந்தித்தான் வரும் என்றும் சிலர் வாதிட்டார்கள். இன்றைக்கு அந்த நாட்டு அரசின் பொதுச் சுகாதார அமைப்பு தன் மக்களுக்குச் சொல்வது இதுதான்: ஒரு நாளில் இரண்டு கிளாஸுக்கு மேல் வேண்டாம், வாரத்துக்குப் பத்துக்கு மேல் வேண்டாம், தினமும் வேண்டாம். அவர்கள் கிளாஸ் என்று எண்ணுவதும் 10 கிராம் ஆல்கஹாலைத்தான், நம் 14ஐ அல்ல.

அப்படியானால் கொஞ்சமாகக் குடிப்பவர்கள் குடிக்காதவர்களைவிட நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்று ஆய்வுக்குப் பின் ஆய்வாக வந்ததே, அது பொய்யா? எண்கள் பொய்யல்ல. அவற்றுக்குச் சொன்ன காரணத்தில்தான் ஓட்டை. 'குடிக்காதவர்' என்ற பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள்? பிறந்ததிலிருந்து தொடாதவர் இருப்பார். கல்லீரல் வீங்கிய பிறகு மருத்துவர் மிரட்டியதால் நிறுத்தியவரும் இருப்பார். மாரடைப்பு வந்த பிறகு குடியை விட்டவரும் இருப்பார். இவர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் போட்டு நிறுத்தால், 'குடிக்காதவர்' நோயாளியாகத்தான் தெரிவார். பிரிட்டனில் ஜெரால்டு ஷேப்பர் 1988இலேயே இதைச் சுட்டிக்காட்டினார். அது பரவலாக ஏற்கப்பட வெகுகாலம் பிடித்தது. 107 ஆய்வுகளையும் அவற்றில் இருந்த சுமார் 48 லட்சம் பேரையும் சேர்த்து, இந்தக் குழப்பத்தைச் சரிசெய்து 2023இல் கணக்கிட்டபோது, குறைவாகக் குடிப்பவருக்கு ஆயுளில் கிடைத்ததாகச் சொன்ன லாபம் கரைந்துபோயிற்று.

இன்னொரு ஓட்டையும் உண்டு. சாப்பாட்டோடு நிதானமாக ஒரே ஒரு கிளாஸ் ஒயின் குடித்துவிட்டு எழுந்திருப்பவர் யார்? மேலை நாடுகளில் அவர் படித்தவர், பணம் இருப்பவர், காலையில் நடக்கப் போகிறவர், பல்லைச் சரியாகப் பார்த்துக்கொள்கிறவர். நம் பக்கம் ஆத்தங்குடித் தரைக்கல் பதித்த வீடுகளில் பிறந்தவர்களையும் மண்தரை வீடுகளில் பிறந்தவர்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடத்தினால், முதல் கூட்டம் கூடுதல் காலம் வாழ்வதாகத்தான் வரும் என்று பந்தயம் கட்டுவேன். அதற்காக எந்த மருத்துவரும் 'தினமும் இரவு ஆத்தங்குடிக் கல்லில் அரை மணி நேரம் உட்காரவும்' என்று சீட்டு எழுதித் தரமாட்டார்.

ரெஸ்வெரட்ரால் பற்றியும் உங்கள் அண்ணன் சொல்லியிருப்பார், எல்லோரும் சொல்கிறார்கள். சிவப்பு திராட்சைத் தோலில் இருக்கும் ஒரு பொருள் அது. ஆய்வகத்து எலிகளிடம் நல்ல பெயர் வாங்கியது. ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் அது சில மில்லிகிராம்தான் இருக்கும். மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலோ ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் கொடுத்தார்கள். அந்த அளவை ஒயினில் தேடினால் நூறு லிட்டர் வேண்டியிருக்கும். ஒயினுக்குப் பெயர்போன இத்தாலியின் கியாந்தி வட்டாரத்தில், 65 வயதைத் தாண்டிய 783 பேரின் சிறுநீரில் இந்தப் பொருளின் தடத்தை அளந்து ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அதிகம் இருந்தவருக்கும் குறைவாக இருந்தவருக்கும் சாவிலோ இதய நோயிலோ புற்றுநோயிலோ வேறுபாடு இல்லை என்று 2014இல் முடிவு வந்தது. திராட்சைத் தோல்தான் வேண்டுமென்றால் கம்பம் பன்னீர் திராட்சையைக் கையளவு தின்றுவிட்டுப் போகலாம். சர்க்கரைக்காரர் என்பதால் கையளவோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

என் மனத்தை உண்மையில் மாற்றியவை மரபணு ஆய்வுகள். சிலருக்குப் பிறவியிலேயே மது ஒத்துக்கொள்ளாது, அதனால் வாழ்நாள் முழுக்கக் குறைவாகவே குடிப்பார்கள். அந்த மரபணு ஏழை பணக்காரன் பார்த்து வருவதில்லை. எனவே அவர்களை மற்றவர்களோடு ஒப்பிடுவது, சீட்டுக் குலுக்கிப் பிரித்ததற்குச் சமம். ஐரோப்பிய வம்சாவளியினர் 2.6 லட்சம் பேரைக் கொண்டு 2014இல் வெளியான ஆய்வில், குறைவாகக் குடிக்க வைக்கும் மரபணு உள்ளவர்களுக்கு ரத்த அழுத்தமும் இதய நோயும் குறைவாக இருந்தன. மிதமாகக் குடிப்பவர்களிடையேகூட அதே கதைதான். சீனாவில் ஐந்து லட்சம் பேரைப் பின்தொடர்ந்து 2019இல் வந்த ஆய்வில், மது ஏற ஏறப் பக்கவாதமும் ஏறியது. கொஞ்சமாகக் குடித்தால் பாதுகாப்பு என்பதற்கு அங்கே தடயமே இல்லை. நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று: 52 நாடுகளில் மாரடைப்பு நோயாளிகளை வைத்து நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், உலகக் கணக்கில் மது சிறு நன்மை காட்டியது, தெற்காசியரைத் தனியே பிரித்துப் பார்த்தபோது அந்த நன்மை தென்படவில்லை.

இங்கே நான் ஒருதலையாகப் பேசிவிடக் கூடாது. தீராத சந்தேகங்கள் இருக்கின்றன. லான்செட் இதழில் 2022இல் வந்த உலகளாவிய நோய்ச்சுமைக் கணக்கு, 40 வயதைத் தாண்டியவர்களுக்குச் சிறிதளவு மது சில நோய்களில் உதவக்கூடும் என்று சொன்னது. ஸ்பெயினில் 1,232 பேரின் சிறுநீரில் டார்டாரிக் அமிலத்தை, அதாவது ஒயின் குடித்ததன் அடையாளத்தை, அளந்து பார்த்தார்கள். மாதம் 12 முதல் 35 கிளாஸ் வரை குடித்தவர்களிடம் இதய நோய் ஏறக்குறையப் பாதியாக இருந்தது என்று 2024 இறுதியில் எழுதினார்கள். உங்கள் அப்பச்சியின் கணக்கு, டம்ளர் சிறியதாக இருந்தால், அந்த வரம்புக்குள்தான் வரும். வாய் வார்த்தையை நம்பாமல் சிறுநீரை அளந்தது இதன் பலம். யார் குடிப்பது என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்யவில்லை என்பதும், எல்லோரும் ஆலிவ் எண்ணெயும் மீனும் சாப்பிடும் மத்தியதரைக்கடல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் என்பதும் பலவீனம். சர்க்கரை நோயாளிகள் 224 பேருக்குக் குலுக்கல் முறையில் ஒயினோ தண்ணீரோ கொடுத்து இஸ்ரேலில் இரண்டு ஆண்டுகள் பார்த்தார்கள். சிவப்பு ஒயின் குடித்தவர்களுக்கு நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். சற்று ஏறியது. ஆனால் எச்.டி.எல்.லை மாத்திரையால் ஏற்றிப் பார்த்த பெரிய முயற்சிகளில் பெரும்பாலானவை மாரடைப்பைக் குறைக்கவில்லை என்பது நினைவிருக்கட்டும். இந்தச் சிக்கலுக்கு முடிவு கட்டத் தினமும் ஒரு கிளாஸ் கொடுத்துப் பல ஆண்டுகள் பார்க்கும் பெரும் ஆய்வொன்றை அமெரிக்காவில் தொடங்கினார்கள். மது நிறுவனங்களின் பணம் அதற்குள் வந்த விதம் வெளியானதும் 2018இல் அதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே ஒயின் இதயத்தைக் காக்கும் என்றும் அடித்துச் சொல்ல முடியாது, காக்கவே காக்காது என்றும் அடித்துச் சொல்ல முடியாது.

புற்றுநோய் விஷயத்தில் இந்தத் தயக்கம் எனக்கு இல்லை. மதுபானம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. அந்தப் பட்டியலில் ஒயினுக்கென்று சலுகை கிடையாது. பட்டைச் சாராயத்தில் இருப்பதும் பாரம்பரியத் தோட்டத்து ஒயினில் இருப்பதும் அதே எத்தனால்தான். உடல் அதை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது, அது செல்லின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகிறது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் ஆகிய இடங்களில் ஆபத்து ஏறுகிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது இதை வைத்துத்தான். ஆனால் எவ்வளவு ஏறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா? புகைக்காத ஆயிரம் ஆண்கள் வாரம் ஒரு பாட்டில் ஒயின் வீதம் வாழ்நாள் முழுக்கக் குடித்தால், அவர்களில் சுமார் 10 பேருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் வரும். பெண்களானால் 14 பேருக்கு. இது பிரிட்டனில் போட்ட கணக்கு. மீதி 990 பேருக்கு அதனால் வராது என்பதும் இதே கணக்கில்தான் இருக்கிறது. தினம் ஒரு கிளாஸ் என்பது வாரத்துக்கு ஒன்றேகால் பாட்டிலுக்கும் மேல். அப்பச்சிக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை பாக்கோடு புகையிலை போடும் வழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டென்றால் எனக்கு ஒயினைவிட அதுதான் முதல் கவலை. புகையிலையும் மதுவும் வாயில் சேரும்போது ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. பாக்கு மட்டுமே தனியாகவும் அதே முதல் வகுப்பில்தான் இருக்கிறது.

ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு, தூக்கம் மூன்றையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு 12 கிராம் ஆல்கஹால், ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைச் சராசரியாக ஒன்றேகால் புள்ளி ஏற்றுகிறது. சிறிது, ஆனால் மாத்திரை போடுகிறவருக்கு அது எதிர்த்திசை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு, தினம் ஒரு கிளாஸ் குடிப்பவர்களிடமும் சற்று அதிகம். ஒயின் குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும், பின்னிரவில் கலையும். இவற்றோடு டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு நம்மவர்களுக்கு இயல்பிலேயே அதிகம், மது அதை இன்னும் ஏற்றும்.

உங்கள் அப்பச்சி விஷயத்தில் நான் அதிகம் பயப்படுவது கிளிமிபிரைடு மாத்திரைக்குத்தான். ரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது கல்லீரல் புதிதாகச் சர்க்கரை செய்து ஈடுகட்டும். வயிற்றில் மது இருந்தால் கல்லீரலுக்கு அந்த வேலை ஓடாது. கிளிமிபிரைடோ சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண வீட்டிலிருந்து அதிகாலை நான்கு மணிக்கு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பெண் வீட்டுப் பொறுப்பாளர். பந்தி விசாரிப்பிலேயே இரவு போய்விட, தான் சாப்பிடவில்லை. மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறார், நண்பர்களோடு இரண்டு கிளாஸும் எடுத்திருக்கிறார். உடம்பு தொப்பலாக வியர்த்து, பேச்சு குழறி, ஆள் அடையாளம் தெரியாமல் கிடந்தார். வாயில் வாடை இருந்ததால் 'போதை, தூங்கினால் தெளிந்துவிடும்' என்று மூன்று மணி நேரம் அறையில் படுக்க வைத்திருக்கிறார்கள். பரிசோதித்தபோது சர்க்கரை 38தான். குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து, பந்தி முடிந்ததா என்று கேட்டார். அந்த மாத்திரையின் வேலை நீண்ட நேரம் தொடரும் என்பதால் மறுநாள் வரை வீட்டுக்கு அனுப்பவில்லை. போதையும் தாழ்சர்க்கரையும் வெளியே பார்க்க ஒன்று போலவே இருக்கும். அதனால் வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கட்டும், குடித்த இரவில் அப்பச்சி குழப்பமாகப் பேசினால் முதலில் விரலைக் குத்திப் பாருங்கள். மெட்ஃபார்மினைப் பொறுத்தவரை ஒரு கிளாஸுக்குப் பயப்பட வேண்டியதில்லை, மிதமிஞ்சிக் குடித்தால்தான் ஆபத்து.

எந்த ஒயின் என்பதும் கொஞ்சம் முக்கியம். நம் ஊரில் 'போர்ட்' என்ற பெயரில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் இனிப்பானவை, சர்க்கரைக்காரருக்கு இரட்டைச் செலவு. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஊறவைக்கும் திராட்சை ஒயினில் ஆல்கஹால் எவ்வளவு என்று செய்தவருக்கே தெரியாது. (எங்கள் பக்கம் ஒயின் ஷாப் என்ற பெயருள்ள கடையில் போய் ஒயின் கேட்டால் விற்பனையாளர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார் என்பது வேறு கதை.)

இனி என்ன செய்யலாம்? இதயத்துக்காகக் குடிக்கிறார் என்றால் நிறுத்திவிடலாம், அதனால் நிரூபணமான இழப்பு ஒன்றும் இல்லை. தினம் ஒரு கிளாஸ் அளவில் இருந்தவருக்கு நிறுத்துவதால் நடுக்கம், வலிப்பு போன்றவை வரும் என்ற பயமும் வேண்டாம். பாட்டில் வேகமாகக் காலியாகிறது, காலையில் கை நடுங்குகிறது என்றால் கதை வேறு. அப்போது நீங்களாகத் திடீரென நிறுத்தாமல் மருத்துவரிடம் போக வேண்டும். ருசிக்காகக் குடிக்கிறார், அந்த ஒரு கிளாஸில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது என்றால், 66 வயதுக்காரரின் சந்தோஷத்தை நான் பிடுங்க வரவில்லை. தினமும் என்பதை வாரம் இரண்டு நாளாக்கி, இடியாப்பமோ தோசையோ வயிறார உள்ளே போன பிறகு, 150 மில்லி அளந்து குடிக்கட்டும். குடிக்கும் நாளில் கிளிமிபிரைடை எப்படிப் போடுவது என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவர் ரிப்போர்ட்டுகளைப் பார்க்காத நான் அளவு சொல்வது சரியல்ல. கல்லீரலில் கொழுப்பு, முன்பு கணைய அழற்சி, துடிப்புக் கோளாறு, தூக்க மாத்திரை இவற்றில் ஒன்று இருந்தாலும் என் பதில் வாரம் இரண்டு நாளுக்கும் இல்லை என்பதுதான். அப்பச்சிக்குத் துணையாக நீங்களோ ஆத்தாவோ ஆளுக்கு ஒரு கிளாஸ் எடுக்கும் யோசனை இருந்தால், தினம் ஒரு கிளாஸுக்கும் குறைவான 10 கிராமே பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை கூட்டுகிறது என்பதையும் வைத்து முடிவு செய்யுங்கள்.

அடுத்த பரிசோதனையில் வழக்கமான சர்க்கரைக் கணக்கோடு டிரைகிளிசரைடும் கல்லீரல் பரிசோதனையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் ஒயின் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ஊரில் பெயருள்ள வீட்டுக்காரர் என்பதற்காகவே பல மருத்துவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள். போவதற்கு முன் அப்பச்சியின் டம்ளரைத் தண்ணீரால் நிரப்பி, ஆத்தா சமையலறையில் வைத்திருக்கும் அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். வருகிற எண்ணை ஒரு சீட்டில் எழுதி மாத்திரைச் சீட்டோடு சேர்த்துக் கொண்டுபோங்கள்.